மூலையில் ‘5 வைரஸ்’ என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது, எந்த இலவச ஆன்டிவைரஸ் போடலாம்?

தேன்சிட்டு:
வணக்கம். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணினி, விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். பத்து நாளாகத் திரையின் வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே நீக்குங்கள்” என்று சிவப்புக் கேடயப் படத்தோடு ஒரு பெட்டி வருகிறது. மூடினால் சற்று நேரத்தில் இன்னொன்று. பயந்துபோய் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டேன், ஒன்றும் இல்லை என்றது. மனசு கேட்காமல் இரண்டாவதாக இன்னொன்றும் போட்டேன். இப்போது எச்சரிக்கையும் நிற்கவில்லை, கணினியும் ஊர்கிறது. பிரவுசர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, வேறு எங்கும் பிரதி இல்லை. காசு கொடுத்து வாங்க இப்போதைக்கு வழியில்லை. எது நல்லது என்று ஒரு பெயர் சொன்னால் போதும், தூக்கமே வரவில்லை.

பழையசாவி:
பெயர் அப்புறம் பார்க்கலாம், முதலில் படங்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பிரதி எடுங்கள். செட்அப் ஃபைல், ஜிப் ஃபைல் எதையும் அதில் போடாதீர்கள். முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், செருகியபடியே இருந்தால் கணினிக்கு வருவது அதற்கும் வரும்.

மெதுவாக இருப்பதற்கு அந்த இரண்டு ஆன்டிவைரஸே போதுமான காரணம். நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் முதலாவது அதைச் சோதிக்கும், முதலாவது தொட்டதைப் பார்த்து இரண்டாவதும் சோதிக்கும். எப்போதும் விழித்திருந்து காவல் காக்கும் மென்பொருள் ஒரு கணினியில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது மூடாமல், தலைப்பை ஒட்டிப் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

தேன்சிட்டு:
படங்களை எடுத்துவிட்டேன், கொஞ்சம் நிம்மதி. பெட்டியையும் பார்த்தேன். கேடயத்துக்கு மேலே சின்னதாகக் குரோம் சின்னமும் பெயரும், வாசகத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் அர்த்தமே இல்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு தள முகவரியும் இருக்கின்றன. இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை.

பழையசாவி:
அப்படியென்றால் அந்தப் பெட்டி வைரஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. அது வெறும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளம் “நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் என்ன எழுதி அனுப்பினாலும் உங்கள் மூலையில் வரும். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதித்த தளங்களின் பட்டியல் இருக்கும், தெரியாத முகவரி ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அந்தப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் சொடுக்காதீர்கள். அதைச் சொடுக்கி, வந்த பக்கத்தில் கார்டு எண்ணைக் கொடுத்து ஏமாந்தவர்கள் நிறைய.

மழைத்துளி:
ஆன்டிவைரஸ் பெயர் கேட்டீர்கள் இல்லையா? உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்தே டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. வேறொன்றை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் தானாகத் திரும்பி வரும். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு வைத்துக்கொள்ளலாம். சோதனைக்காலம் முடிந்ததும் அது நாம் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும், அதனால் டிஃபெண்டரோடு மோதாது. பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், தவறில்லை, ஆனால் ஏதாவது ஒன்று மட்டும்.

விண்டோஸ் அப்டேட்டையும் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

தேன்சிட்டு:
நோட்டிஃபிகேஷன் பட்டியலில் பதினோரு தளங்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பெட்டி வருவது நின்றுவிட்டது. இரண்டு ஆன்டிவைரஸையும் நீக்கினேன், பிரவுசர் பழையபடி திறக்கிறது. உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டிஃபெண்டரும் வந்துவிட்டது. ஆனால் அதன் செட்டிங்ஸைப் பார்த்துக்கொண்டே போனதில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற இடத்தில் சி டிரைவ் முழுவதும் இருக்கிறது. நான் வைக்கவில்லை. இது எப்போதும் இருப்பதுதானா?

பழையசாவி:
இல்லை. உடனே இணையத்தைத் துண்டியுங்கள், இதற்குப் பதிலைக் கைபேசியிலிருந்து எழுதுங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் என்றால் “இந்த இடத்தைச் சோதிக்காதே” என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல். புதுக் கணினியில் அது காலியாகத்தான் இருக்கும். சி டிரைவ் முழுவதையும் யாரோ, அல்லது ஏதோ ஒரு நிரல், அதில் சேர்த்திருக்கிறது. சமீபத்தில் யாராவது கிராக் செய்த மென்பொருளோ விளையாட்டோ போட்டார்களா? நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதா?

தேன்சிட்டு:
தம்பியிடம் கேட்டேன். இரண்டு வாரம் முன்பு ஒரு விளையாட்டு இறக்கியிருக்கிறான். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு 1234 என்று பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதியிருந்ததாம், டிஃபெண்டரை அணைத்துவிட்டு நிறுவு என்றும் இருந்ததாம். விளையாட்டு திறக்கவே இல்லை என்கிறான். பயந்துபோயிருக்கிறான், நான் திட்டவில்லை.

பழையசாவி:
திட்டாமல் இருந்தது நல்லது, அதனால்தான் உண்மை கிடைத்தது. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதே, திறக்கும் வரை எந்த ஆன்டிவைரஸும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

எக்ஸ்க்ளூஷனை நீக்குங்கள். டேம்பர் ப்ரொடெக்ஷன், அதாவது வேறு நிரல்கள் டிஃபெண்டரின் செட்டிங்ஸை மாற்ற விடாத காப்பு, ஆனில் இருக்கிறதா பாருங்கள். டிஃபெண்டரின் அப்டேட்டுக்காக மட்டும் இணையத்தைச் சில நிமிடம் இணைத்து, மறுபடி துண்டியுங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சோதனை நடக்கும், சுமார் 15 நிமிடம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்கிறவை அங்கே ஒளிய முடியாது.

இந்த வகை நிரல்கள் பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் ஓடிபி இல்லாமலேகூடச் சில கணக்குகளுக்குள் நுழையலாம். அதனால் சுத்தமான வேறொரு சாதனத்திலிருந்து, மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, “எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு” என்பதையும் அழுத்துங்கள். பாஸ்வேர்டை மாற்றி இதைச் செய்யாமல் விட்டால் பாதி வேலைதான்.

நூலகன்:
இனி ஏதாவது ஃபைல் மீது சந்தேகம் வந்தால் திறக்கும் முன் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பாருங்கள், பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்ற வேண்டாம், ஏற்றியது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஆன் செய்தால் “படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ” போன்ற வேடங்கள் கண்ணுக்குத் தெரியும்.

தேன்சிட்டு:
ஆஃப்லைன் ஸ்கேனில் இரண்டு சிக்கின, இரண்டுக்கும் ட்ரோஜன் என்ற பெயர். ஒன்று டெம்ப் ஃபோல்டரில், இன்னொன்று கணினி தொடங்கும்போதே ஓடும் இடத்தில். நீக்கியபிறகும் மனசு ஒப்பவில்லை, நண்பர் கணினியில் யூஎஸ்பி தயார் செய்து விண்டோஸையே புதிதாக நிறுவிவிட்டேன். பாஸ்வேர்டுகள் எல்லாம் மாற்றியாயிற்று. மின்னஞ்சலில் எனக்குத் தெரியாத ஒரு சாதனம் உள்ளே இருந்தது, வெளியேற்றிவிட்டேன். தம்பிக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை இப்போது செருகலாமா?

பழையசாவி:
செருகலாம். செருகியதும் எதையும் திறக்காமல், டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். சுத்தம் என்று வந்ததும் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழிக்க வேண்டாம். முடிந்தால் இன்னொரு பிரதியும் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.