பத்து மணிக்கு மேல் கல்லில் இளநிழல் அடைத்துக்கொள்கிறது, என்ன காரணம்?

சிப்புட்_கல்லச்சு:
வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் டவுனில் பழைய கடைவீட்டுக் கீழ்த்தளத்தில் நாலு பேர் சேர்ந்து கல்லச்சு (லித்தோகிராஃபி: கல்லில் கொழுப்புக் கிரேயானால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, வரைந்த இடத்தில் மட்டும் மை ஏற்றி அச்சடிப்பது) செய்கிறோம். கல் சாம்பல் நிறம், 40×50 செ.மீ. கிரேயான் 4-ம் நம்பர். முதல் ஆறு பிரதி சுத்தமாக வருகிறது. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினதும் இளநிழல் (படத்தின் மெல்லிய சாம்பல் பகுதி) மையில் அடைத்து, வெறும் கல்லிலும் மை ஒட்டுகிறது. எட்ச் (படத்தைக் கல்லில் நிலைக்க வைக்கும் கோந்து-ஆசிட் கலவை): 30 மில்லி கம் அரபிக் கோந்தில் 5 சொட்டு நைட்ரிக் ஆசிட். கோந்து கரைத்து மூணு வாரம் ஆகிறது. மேலே ஃபேன் ஓடுகிறது. மை உருட்டுவதும் ஸ்பாஞ்ச் பிடிப்பதும் ஒரே ஆள்.
இன்னொன்று: தோட்டத்து ஸ்டோரில் கித்தா (ரப்பர்) ஷீட் உருட்டும் மெஷின் சும்மா கிடக்கிறது. அதைப் பிரஸ்ஸாக்க முடியுமா? நைட்ரிக்குக்குப் பதில் கித்தாப் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் போதுமா?

மைஉருளை:
முதலில் ஃபேனை நிறுத்துங்க. எட்ச் காய வைக்கும்போது மட்டும் போடுங்க. கல்லின் மேலே இருக்கும் நீர்ப்படலம் உருளை மறுகோடி போவதற்குள் காய்ந்தால், அந்த இடத்தில் மை பிடிக்கத்தான் செய்யும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்க: ஈரம் ஒரே சீரான மங்கல் பளபளப்பாகத் தெரிய வேண்டும். குட்டையாக நின்றாலும் தப்பு, திட்டுத் திட்டாக வெளுத்தாலும் தப்பு.

அடுத்தது மை. இந்தச் சூட்டில் இளகிவிடும். மக்னீசியம் கார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கத்தியில் எடுத்தால் குட்டையாக அறுந்து விழும் பதத்துக்குக் கொண்டு வாங்க. பலகையில் உருட்டும்போது காது கொடுங்க. மெல்லிய சீறல் வந்தால் மை அளவு சரி, ‘சப் சப்’ என்று வந்தால் அதிகம். மெதுவாக உருட்டினால் மை இறங்கும், வேகமாக உருட்டினால் மை எழும்பும். அடைக்க ஆரம்பித்ததுமே ஈரம் போட்டு, புது மை எடுக்காமல் வேகமாக உருட்டுங்க.

அதற்கும் போகாவிட்டால் மறு எட்ச்தான். மை முழுசாக ஏற்றி, காய வைத்து, ரோசின் (மரப்பிசின்) பவுடர், பிறகு டால்க் தடவுங்க. ரோசின் மையை ஆசிடிலிருந்து காக்கும். டால்க் இருந்தால்தான் எட்ச் மையோரத்தில் ஒதுங்காமல் படியும். சாம்பல் கல் கெட்டியானது, 5 சொட்டு அதற்குக் குறைவு. 30 மில்லிக்கு இளநிழலுக்கு 8, கருத்த இடத்துக்கு 12 வைத்து, கல்லின் ஓரத்தில் முதலில் சோதியுங்க. துணியால் மெல்லிசாகத் தேய்த்துக் காய விடுங்க. பிறகு அந்தக் காய்ந்த கோந்தின் மேலேயே லித்தோடைன் என்ற கரைப்பானால் பழைய மையைக் கழுவி, அஸ்ஃபால்ட்டம் (மை பிடிக்க உதவும் தார்க் கரைசல்) தேய்த்து, தண்ணீர் விட்டு, மறுபடி மை ஏற்றுங்க.

மூணு வாரக் கோந்தைக் கொட்டிவிடுங்க. புளித்த கோந்தில் அமிலம் தானாக ஏறியிருக்கும், சொட்டுக் கணக்கே பொய்த்துப்போகும். வாரா வாரம் கரைத்து, வடிகட்டி, ஃபிரிட்ஜில் வையுங்க.

தோல்பட்டை:
ஷீட் மெஷின் வேண்டாம். கித்தா ஷீட்டுக்கான இடைவெளி சில மில்லிமீட்டர்தான். கல்லோ 5 செ.மீ.க்கு மேல் தடிமன். கல்லச்சுப் பிரஸ்ஸில் அழுத்துவது உருளை இல்லை. தோல் போர்த்திய மரக்கட்டை, கொழுப்புத் தடவிய டிம்பன் (கல்லையும் காகிதத்தையும் மூடும் தகடு) மேல் வழுக்கிக்கொண்டே தேய்த்து அழுத்தும். கல் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் அந்த அழுத்தத்திலேயே விரிசல் விடும். கல்லை அரைக்கும்போதே நாலு மூலையிலும் தடிமனை அளந்து பாருங்க. மேல்பரப்பு சமமா என்பதற்கு இரும்பு ரூலரை வைத்து, அடியில் காகிதத் துண்டு நுழைகிறதா என்று நாலு பக்கமும் பாருங்க.

ஃபார்மிக்கும் வேண்டாம். அதுவும் சுண்ணாம்புக்கல்லைத் தின்னும், ஆனால் மேலே சொன்ன சொட்டுக் கணக்கு நைட்ரிக்குக்கு மட்டும்தான்.

ஈரக்கை:
ஃபேனை நிறுத்தினாலும், ஒரே ஆள் உருளையும் ஸ்பாஞ்சும் பிடிக்கும்வரை இது தீராது. நம்ம ஊர் சூட்டுக்கு உருளைக்கு ஒருத்தர், ஸ்பாஞ்சுக்கு ஒருத்தர் கட்டாயம். மூன்றாமவர் கையில் மை படவே கூடாது, காகிதம் அவருடையது. சாயங்கால மழைக்குக் காகிதம் விரியும், இரண்டாம் வண்ணம் தள்ளிப் போகும். பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து, அச்சடிக்கும் முன் ஒரு தரம் வெறுமனே பிரஸ்ஸில் ஓட்டுங்க.

நாலாவது ஆள் ஓவியர். 1960-இல் ஜூன் வெய்ன் லாஸ் ஏஞ்சல்ஸில் தமரிண்ட் பட்டறையைத் தொடங்கியது, ஓவியரோடு சேர்ந்து உழைக்கும் அச்சாளர்களைப் பயிற்றுவிக்கத்தான். அந்த முறையில் ஓவியர் ஒரு பிரதியைச் சரி என்று கையெழுத்திட்ட பிறகுதான் பதிப்பு தொடங்கும், மற்றதெல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் ஆறு பிரதியில் நல்லதை அவர் இன்றே தேர்ந்து கையெழுத்திட்டு, சுவரில் மாட்டட்டும். மறு எட்ச்சுக்குப் பிறகு வரும் முதல் பிரதியை அதன் பக்கத்தில் பிடித்துப் பாருங்க. இளநிழல் வெளுத்திருந்தால் எட்ச் அதிகம். மை நாலைந்து முறை ஏறியும் திரும்பவில்லை என்றால் அந்த இடம் ஆசிடில் எரிந்துவிட்டது, ஓவியர் திரும்ப வரைய வேண்டியதுதான்.