டிபி4056 போர்டு: யுஎஸ்பியைப் பிடுங்கினால் ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது, தீர்வு தேவை

நண்பர்களே, பேரலலாக இரண்டு 18650 லித்தியம் செல், பாதுகாப்பு ஐசி உள்ள டிபி4056 சார்ஜர் போர்டு, லோடு ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் (சராசரி 120 மில்லியாம்ப்). லோடை நேராக அவுட் முனையில் கொடுத்தால், சார்ஜ் ஆவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. காரணம் தெரிந்ததுதான்: சார்ஜ் கரண்டைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர் 1.2 கிலோ ஓம், அதற்கு சார்ஜ் கரண்ட் 1 ஆம்பியர். இந்தக் கரண்ட் பத்தில் ஒரு பங்காக, 100 மில்லியாம்புக்குக் குறைந்தால்தான் ஐசி சார்ஜை நிறுத்தும். லோடே அதைவிட அதிகம் இழுக்கிறது. செல் 4.2 வோல்ட்டிலேயே கிடப்பது அதன் ஆயுளுக்கு நல்லதல்ல.

அதனால் பி-சேனல் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து லோடைப் பிரித்தாயிற்று. டிரெய்ன் பேட்டரிப் பக்கம், சோர்ஸ் லோடுப் பக்கம், கேட் 5 வோல்ட்டில், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம், 5 வோல்ட்டிலிருந்து லோடுக்கு ஷாட்கி டயோடு. சார்ஜ் இப்போது ஒழுங்காக முடிகிறது.

ஆனால் யுஎஸ்பியைப் பிடுங்கியதும் ரீசெட். போர்டின் 10 மைக்ரோஃபேரட் இன்புட் கெபாசிட்டர் மெதுவாக வடிவதால் மாஸ்ஃபெட் தாமதமாக ஆன் ஆகிறது என்பது என் கணிப்பு. அதுவரை மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டயோடு வழியே வரும் வோல்டேஜ் 3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் அந்த 100 கிலோ ஓம் புல்-டவுனை 10 கிலோ ஓமாகக் குறைத்தால் போதுமா? லோடுப் பக்கம் எவ்வளவு மைக்ரோஃபேரட் வைக்கிறீர்கள்? 3 வோல்ட் கேட்டிலேயே முழுதாகத் திறக்கும், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் மாஸ்ஃபெட் எண் தெரிந்தால் சொல்லுங்கள்.