எங்கள் நிலத்தில் தங்கம் தேட லைசென்ஸ் வாங்கலாம் என்கிறார்கள், முடியுமா?

மேட்டுநிலம்:
வணக்கம். எங்களுக்குக் குப்பம் பக்கம் ஒரு கிராமம். ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். அப்பா பேரில் நாலு ஏக்கர் மானாவாரி, நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிறோம், ஏர் ஓட்டினால் வெங்கச்சங்கல்லாகக் கிளம்பும். போன மாதம் ஒருவர் வந்து, 2001இல் மூடிய சிகர்குண்டா தங்கச் சுரங்கத்தின் ஓட்டம் உங்கள் நிலம் வரைக்கும் வருகிறது, தேடிப் பார்க்க அப்பா பேரிலேயே லைசென்ஸுக்குப் போடலாம், செலவுக்கு மூன்று லட்சமும் ஒரு ஜி.பி.ஏ.வும் (பொது அதிகாரப் பத்திரம்) கொடுங்கள் என்றார். இந்தப் பகுதிக்கு 2014இல் யாரோ போட்ட விண்ணப்பத்தின் நகலையும் காட்டி, அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்கிறார். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். இப்படி விண்ணப்பிக்க முடியுமா?

கல்லும்மண்ணும்:
முடியாது தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தங்கத்துக்கு நேராக விண்ணப்பித்து உரிமம் வாங்கும் வழி 2015 ஜனவரி 12ஓடு முடிந்தது. கனிமச் சட்டத்தில் அன்று வந்த திருத்தத்துக்கு அப்புறம் ஏலம்தான், நிலுவையில் கிடந்த வெறும் விண்ணப்பங்கள் 10ஏ பிரிவின்படி செல்லாமல் போயின, அவர் காட்டிய 2014 காகிதமும் அதில்தான் சேரும். சிகர்குண்டா பிளாக்கே அரசு நிறுவனமான என்எம்டிசிக்கு ஏலத்தில்தான் போனது. 2023இல் தங்கம், தாமிரம், லித்தியம் உட்பட 29 கனிமங்களுக்குத் தேடுவதற்கென்றே தனி உரிமம் கொண்டுவந்தார்கள், அதுவும் ஏலம்தான். ஐந்து வருடத்துக்கு, ஒரே உரிமத்தில் 1000 சதுர கிலோமீட்டர் வரை கொடுக்கலாம். அந்த அளவு வேலையில் நாலு ஏக்கருக்கு மட்டும் என்று தனியாக எவரும் வாங்கித் தர முடியாது.

கோலாரில் தங்கம் குவார்ட்ஸ், அதாவது நீங்கள் சொல்லும் வெங்கச்சங்கல், நரம்பில் கிடைத்தது உண்மைதான். ஆனால் இந்தக் கிரானைட் பூமியில் குவார்ட்ஸ் எங்கே உழுதாலும் வரும், பெரும்பாலும் அது வெறும் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் (ஜிஎஸ்ஐ) பூகோஷ் இணையதளத்தில் உங்கள் பக்கத்து நிலவியல் வரைபடம் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்.

வாளையார்க்காரன்:
நான் பாலக்காட்டுப் பக்கம். இங்கேயும் இதே பேச்சோடு ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்வார்கள். மலபாரில் ஜன்மம் என்ற பழைய முழு உரிமை முறையில் வந்த நிலங்களில் அடியில் உள்ள கனிமமும் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று அதில் வந்தது நிஜம். ஆனால் சொந்தம் என்பதற்காக உரிமம் இல்லாமல் தோண்ட முடியாது, பிடித்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம். நாளைக்கு உண்மையாகவே யாராவது ஏலத்தில் எடுத்துக்கொண்டு உங்கள் நிலத்துக்குள் வந்தால் பயிருக்கும் நிலத்துக்கும் அவர்தான் இழப்பீடு தர வேண்டும், அதே கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு. நீங்கள் காசு கட்டுவது எந்தச் சட்டத்திலும் இல்லை.

மேட்டுநிலம்:
நன்றி அண்ணா. அப்பா இப்போது, தங்கம் வேண்டாம், வெங்கச்சங்கல்லையாவது விற்கலாமே என்கிறார். அது சின்னக் கனிமம், சுலபம் என்று அந்த ஆள் சொன்னாராம்.

கல்லும்மண்ணும்:
2015 முதல் அப்படித்தான், மாநில அரசே விதி வகுக்கும் சின்னக் கனிமமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா, பேரைட்ஸ் நான்கையும் மத்திய அரசு திரும்பவும், மத்திய விதிகள் பொருந்தும் பெருங்கனிமப் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. அதனால் சுலபம் என்ற பேச்சை நம்பாதீர்கள், மாவட்டச் சுரங்கத் துறை அலுவலகத்தில் சர்வே நம்பரோடு எழுதிக் கேளுங்கள்.

எனக்கு மூன்று லட்சத்தைவிட அந்த ஜி.பி.ஏ.தான் பயமாக இருக்கிறது. கனிமத்துக்கு என்று வாயால் சொல்லிவிட்டு, உள்ளே விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் என்று ஒரு வரி தெலுங்கில் இருந்தால் நிலமே போய்விடும். அப்பா ஏற்கெனவே ஏதாவது கையெழுத்து போட்டாரா, வெற்றுப் பத்திரம் கொடுத்தாரா என்று இன்றைக்கே கேளுங்கள். கொடுத்திருந்தால் வக்கீலைப் பிடித்து ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிட்டு, ஆந்திர நிலப் பதிவேடுகளான அடங்கலும் 1பியும் அப்பா பேரிலேயே இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.