கார் வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு மார்ட்டினி-ஹென்றி

பழைய ராணுவத் துப்பாக்கிக்காகத் தகுதிக்கு மீறிச் செலவழித்தவர்கள் யார் என்று கேட்டால் முதலில் உயரும் கை என்னுடையதுதான். காரை மாற்றுவதற்காக மூன்று வருடம் சேர்த்த பணம் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் 124 சென்டிமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. பழைய கார் இன்னும் இருமிக்கொண்டே ஓடுகிறது.

ஆனால் அதற்கு முந்தைய துப்பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ட்டினி-ஹென்றி வாங்கினேன். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிள் அது. விசைக்குப் பின்னால் இருக்கும் லிவரைக் கீழே தள்ளினால் உள்ளிருக்கும் இரும்புக் கட்டி தாழ்ந்து வழிவிடும். தோட்டாவை வைத்து லிவரை மேலே இழுத்தால் போதும், சுடுவதற்குத் தயார். அந்த எளிமையின் மேல் எனக்குப் பித்து. வலப்பக்க இரும்பில் கிரீடம், அதன் கீழே விக்டோரியா ராணியைக் குறிக்கும் 'வி.ஆர்.', அதற்கும் கீழே 'என்ஃபீல்டு', பிறகு வருடம். எல்லாம் இருந்தன. பெருமை பொங்க வீட்டு மேசையில் வைத்தேன்.

என் மனைவிக்குப் பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. துப்பாக்கியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அந்தப் பக்கமாகப் போனவள் நின்று, குனிந்து பார்த்து, "என்ஃபீல்டில் 'என்' திரும்பி நிற்கிறதே, கவனித்தீர்களா?" என்றாள்.

கவனிக்கவில்லை. அந்த ஆங்கில எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருந்தது. கைபர் கணவாய்ப் பகுதிக் கொல்லர்கள் கையால் செய்த நகல் அது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள், கண்ணால் கண்ட வடிவத்தை அப்படியே இரும்பில் வெட்டினார்கள். விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். அதற்குப் பிந்தைய வருடத்தோடு 'வி.ஆர்.' பொறித்த துப்பாக்கிகள்கூட அங்கிருந்து வந்திருக்கின்றன என்பதை அதன் பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த நான்கு வருடம் எதையும் வாங்கவில்லை. பிறகு ஒருவர் மார்ட்டினி-ஹென்றியின் இரண்டாம் மாதிரி ஒன்றை விற்பதாகத் தெரிந்தது. 1877இல் வந்த மாதிரி. போனதுமே, 1879இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூலுப் போரில் இசாண்டில்வானாவில் இருந்த துப்பாக்கி என்றார். அங்கே பிரிட்டிஷ் முகாம் அழிந்தது, துப்பாக்கிகளை ஜூலுக்கள் எடுத்துக்கொண்டு போனார்கள், இது மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டேன். மறுவாரம் போனபோது அதே துப்பாக்கி, அதே போரில் பிரிட்டிஷார் தாக்குப்பிடித்த ரோர்க்ஸ் டிரிஃப்டில் இருந்ததாக ஆகிவிட்டது. விலை மட்டும் இடம் மாறவில்லை.

கதையை ஒதுக்கிவிட்டு விளக்கையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்தேன். எழுத்துகள் ஒரே ஆழத்தில் நேராக இருந்தன. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க ஹென்றி வடிவமைத்த ஏழு வரிப்பள்ளங்களும் தேயாமல் இருந்தன. அரசின் சொத்து என்பதற்கான அம்புக்குறிக்குப் பக்கத்தில் இன்னோர் அம்பு, இரண்டும் நுனியோடு நுனி முட்டிக்கொண்டு. ராணுவம் முறையாக விற்றுக் கழித்ததற்கான முத்திரை அது. அதைப் பார்த்ததும் பேரம் பேச நாக்கு எழவில்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

முன்கட்டையில் ஓரிடத்தில் மரம் தேய்ந்திருக்கிறது. தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறிக் கையைப் பொசுக்கும் என்பதால் சிப்பாய்கள் மாட்டுத்தோலைச் சுற்றித் தைத்துக்கொள்வார்களாம். அந்தத் தேய்மானமாக இருக்குமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆதாரம் இல்லை, ஆகவே என் பதிவேட்டில் 'தேய்மானம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

* * *

நானும் பழைய துப்பாக்கி சேர்ப்பவன்தான். உங்களுக்காவது 'என்' எழுத்துதான் திரும்பியது. எனக்குப் புத்தியே திரும்பிவிட்டது. பெரிய விலை கொடுத்து வாங்கிய துப்பாக்கி கறுத்துக் கிடக்கிறதே என்று உப்புத்தாளால் தேய்த்து, மெருகு போட்டுப் பளபளவென்று ஆக்கினேன். பார்க்க வந்த மூத்த சேகரிப்பாளர் கையில் வாங்கினார், திருப்பினார், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார். குழல் தாங்குமா என்று சோதித்து இட்ட முத்திரைகள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. இப்போதெல்லாம் மென்மையான துணி, துளி எண்ணெய், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், அவ்வளவுதான். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

* * *

உங்கள் இருவரின் பணம் போன கதைகளுக்கு நடுவே, என்னிடம் உயிர் போயிருக்கக்கூடிய கதை ஒன்று. நான் வாங்கியது 1853 மாதிரி என்ஃபீல்டு. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேர்பெற்ற அதே வகை. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்க வேண்டும். குழல் 99 சென்டிமீட்டர். கோலை உள்ளே விட்டு, வாயருகே அடையாளம் போட்டு, வெளியே எடுத்து அளந்தால் ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது. யாரோ கெட்டித்த மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே! முந்தைய நாள்தான் அக்காவின் மகன் அதைத் தோளில் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டான். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் வெடிக்கும். நான் கை வைக்கவில்லை. அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதாளர் மருந்தை ஊறவைத்து நனைத்து, பிறகு குண்டைத் திருகி இழுத்தார். பழைய வாய்வழித் துப்பாக்கி கைக்கு வந்ததும் முதல் வேலை கோலை விட்டு அளப்பது.

உரிமம் பற்றியும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்தவை தொல்பொருள் கணக்கில் வரும், வேறு நாடுகளில் விதி வேறு.

அது கிடக்கட்டும் ஐயா, அந்தக் கைபர் துப்பாக்கியை என்ன செய்தீர்கள்?

* * *

விற்கத்தான் நினைத்தேன், மனைவி விடவில்லை. அவளுடைய மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறாள். 'என்' எழுத்துக்கு நேரே ஒரு துண்டுத் தாள் ஒட்டி, சிவப்பு மையில் திருத்தக் குறியும் போட்டிருக்கிறாள்.