புதுப்பிப்பு: மூன்று வயது மகளைப் பைக்கில் கூட்டிப்போவது

தக்கலையிலிருந்து நாகர்கோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மகளைப் பைக் டேங்க் மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் வேண்டாம் என்றீர்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. திடீரென்று பிரேக் பிடித்தால் ஹேண்டில்பாருக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். அதை நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அப்புறம் விதியைத் தேடிப் படித்தேன். 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெல்ட் 30 கிலோ தாங்க வேண்டும்.

பெல்ட் கிடைத்துவிட்டது. ஹெல்மெட்தான் பெரும்பாடு. மார்த்தாண்டத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "கொஞ்சம் பெரிசா எடுங்க, வளர்ற பிள்ளைதானே" என்றார் ஒரு கடைக்காரர். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். வாரைப் பூட்டி மகளைத் தலையை ஆட்டச் சொன்னேன், ஹெல்மெட் தனியாக ஆடியது. வேறு கடையில்தான் சரியானது கிடைத்தது.

முதலில் பத்மநாபபுரம் அரண்மனை வரை மட்டும் போய் வந்தோம். அடுத்த வாரம் நாகர்கோவிலுக்குக் கிளம்பினால், வில்லுக்குறி தாண்டும்போதே தூங்கிவிட்டாள். பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொண்டது, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. உடனே ஓரங்கட்டி அரை மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். இப்போது அவள் தூங்கும் நேரத்தில் கிளம்புவதே இல்லை. மழை என்றால் பஸ்தான்.