கிளாத்தி நிற்கும் கடல் தொட்டியில் இறால், நத்தை விடலாமா?

புதுக்குடியிருப்புத் தம்பி எழுதியது:

அண்ணைமாருக்கு வணக்கம். போன ஆவணியில் முதன்முதலாகக் கடல்தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்தேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 250 லீற்றர் பிடிக்கும். தண்ணீர் முல்லைத்தீவில் இருந்து கானில் நிரப்பி வருகிறது.

உள்ளே ஒரு கிளாத்தி மீன் நிற்கிறது. கண்ணுக்குக் குறுக்கே நீலக்கோடு, உதட்டுப் பக்கம் மஞ்சள், வயிற்றுப் பக்கம் சாய்வாகக் கறுப்பும் வெள்ளையும். பிக்காசோ கிளாத்தி என்று கடையில் சொன்னார்கள். இப்போது நாலு விரல் நீளம். நான் கதிரையைப் போட்டு இருந்தால் கண்ணாடிக்குக் கிட்ட வந்து ஒரு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பும், மற்றக் கண் வேறெங்கோ பார்க்கும். வீட்டில் எல்லோருக்கும் அது செல்லம்.

கண்ணாடியில் பாசி பிடிக்கிறது என்று பன்னிரண்டு நத்தை, சங்கு சுமந்து திரியும் நண்டு இரண்டு, முதுகில் சிவப்பும் நடுவே வெள்ளைக் கோடும் உள்ள கிளீனர் இறால் மூன்று விட்டேன். இறால் மூன்றும் விடியும்போது இல்லை. நத்தைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரண்டு கிழமை கழித்துக் கிளாத்தியின் செட்டையில் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளி வந்தது. கடையில் தந்த மருந்தை விட்டேன். மீன் தேறிவிட்டது. ஆனால் அடுத்த நாளே நண்டு இரண்டும் செத்துக் கிடந்தன, மிச்ச நத்தையும் போய்விட்டது.

எல்லாம் கிளாத்தியின் வேலைதானா? அதைக் கொடுத்துவிட மனம் வரவில்லை. மணலைத் துப்புரவாக்கக் கடலட்டை ஒன்று விடலாமா என்றும் யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளம்பில் கரை எழுதியது:

தம்பி, செத்த நத்தைகளின் ஓடு இன்னும் கிடக்கிறதா? கிடந்தால் முதலில் அதை எடுத்து வடிவாகப் பாருங்கள். வாய்ப்பக்கம் பல்லுப் பல்லாக உடைந்து உள்ளே வெறுமையாக இருந்தால் கிளாத்தி. ஓடு முழுசாக இருந்து, உள்ளே சதை அழுகி மணத்தால், அது மீன் செய்ததல்ல. தண்ணீரில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

எனக்கு அந்த மருந்தில்தான் சந்தேகம். வெள்ளைப் புள்ளிக்குத் தரும் மருந்துகள் பலவற்றில் செப்பு இருக்கும். மீன் தாங்கும் அளவுச் செப்பை நண்டோ இறாலோ நத்தையோ தாங்காது. போத்தலின் லேபிளை வாசியுங்கள், நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். செப்பு என்றால், இனி அந்தத் தொட்டியில் முதுகெலும்பில்லாத எதையும் அவசரப்பட்டு விடாதீர்கள். கல்லும் மணலும் செப்பைப் பிடித்து வைத்திருந்து பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும். அடுத்த முறை புள்ளி வந்தால் கிளாத்தியை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். பெரிய தொட்டி இரண்டரை மாதம் மீனில்லாமல் கிடக்கட்டும், தொத்த உடம்பில்லாமல் நோய்க்கிருமி தானாகச் சாகும். மாற்றும்போது வலையால் அள்ளாதீர்கள். முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், வலையில் சிக்கினால் மீனுக்குத்தான் காயம். ஒரு சட்டியைத் தாழ்த்தித் தண்ணீரோடு எடுங்கள்.

இனிக் கிளாத்தியின் கதை. என்னிடமும் ஒன்று நின்றது. அப்போது நீட்டு முள்ளுள்ள கறுப்புக் கடல்முள்ளெலி ஒன்றை விட்டேன், இந்த முள்ளை எது தொடப்போகிறது என்று. முதல் நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. இரண்டாம் நாள் ஒரு முள்ளின் நுனியை வாயால் பிடித்து இழுத்து ஒடித்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் வாயில் தண்ணீரை எடுத்து அடியில் பீச்சி, முள்ளெலியைச் சரித்துப் புரட்டியே விட்டது. கீழ்ப்பக்கம் முள் குட்டை, வாயும் அங்கேதான். அவ்வளவுதான் தம்பி, கால் மணித்தியாலத்தில் கோது மட்டும் கிடந்தது. நண்டு என்றால் காலும் கண்ணும் முதலில் போகும்.

இது கெட்ட குணமில்லை. கடலில் அதன் சாப்பாடே அதுதான். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், உடைக்க வலுவான ஏதாவது வேண்டும். கரையில் வாங்கும் மட்டியை ஓட்டோடு போடுங்கள், இறாலையும் கோதோடு கொடுங்கள். ஆனால் வயிறு நிறைந்திருந்தால் நத்தையை விட்டுவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரு அடி வரை வளரும் சாதி. அந்த அளவுக்கு வந்தால் உங்கள் நாலடித் தொட்டியும் காணாது.

இன்னொன்று. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? நந்திக்கடல் களப்பு பெருகி, வட்டுவாகலில் அது கடலோடு சேரும் வாய் திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் எடுத்தால் கடல்தண்ணீர் என்று பெயர்தான், பாதி மழைத்தண்ணீர். லீற்றருக்கு 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கிளாத்தி சமாளிக்கும். நத்தையும் முள்ளெலியும் சமாளிக்காது. உப்பு அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள், அதற்குச் செலவழிக்கும் காசு வீணில்லை.

வவுனியா எழுதியது:

அண்ணை சொன்னது சரி. முரட்டு மீன் எல்லாம் ஒன்றல்ல, வாயைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என்னிடம் சிங்கமீன் இருக்கிறது. அது கடித்து உடைக்காது, வாய்க்குள் அடங்குவதை அப்படியே விழுங்கும். சின்ன இறால் விட்ட அன்றே போனது. ஆனால் கைப்பிடி அளவு சங்கு நண்டும் முள்ளெலியும் இரண்டு வருடமாக அதோடு நிற்கின்றன. (தொட்டிக்குள் கை விடும்போது கவனம். அதன் முள்ளில் விஷம். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

பூநகரி எழுதியது:

கடலட்டை வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கம் கௌதாரிமுனையில் ஆழமில்லாத கடலை வலையால் அடைத்து அட்டை வளர்க்கிறார்கள். அங்கேயே குஞ்சட்டையை நண்டு தின்னாமல் பார்ப்பது பெரும் பாடு. உங்கள் தொட்டியில் கிளாத்தி ஒரு கடி கடித்தால் அட்டையோடு போகாது. அதன் உடம்பில் உள்ள நஞ்சு தண்ணீரில் கலந்தால் மீனும் சாகும். பம்ப் இழுக்கும் வாயில் அட்டை அகப்பட்டு நசிந்தாலும் இதே கதிதான். கடிபடாமல் இருந்தாலும் நாலடித் தொட்டி மணலில் அதற்குச் சாப்பாடு காணாது, நாளுக்கு நாள் சுருங்கிப் போகும். முருகைக்கல் எடுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கடலில் உயிரோடு இருப்பதை உடைப்பது குற்றம்.

புதுக்குடியிருப்புத் தம்பி எழுதியது:

ஓடுகளை வாழையடியில் கொட்டியிருந்தேன். பொறுக்கிப் பார்த்தேன், பதினொன்று கிடைத்தது. நாலு உடைந்திருக்கிறது, அண்ணை சொன்னதுபோலவே வாய்ப்பக்கம் பல்லுப் பல்லாக. ஏழு முழுசு. நகத்தால் சுரண்டினால் காய்ந்த சதை வருகிறது. மருந்துப் போத்தலில் சின்ன எழுத்தில் கோப்பர் சல்ஃபேட் என்று இருக்கிறது. அந்த ஏழும் நண்டு இரண்டும் என் கையால்தான் செத்தன, கிளாத்தியைப் பேசினதுதான் மிச்சம்.

வட்டுவாகல் பாலத்தடியில்தான் மார்கழியில் தண்ணீர் எடுத்தேன் அண்ணை. கருவி வாங்கச் சொல்லிவிட்டேன். பழைய இரண்டடித் தொட்டி ஒன்று கிடக்கிறது. அதைக் கழுவி, செப்புப் படாத புது மணல் போட்டு, இறாலுக்கென்று தனியாக வைக்கப் போகிறேன். கிளாத்திக்கு இன்று மட்டி போட்டேன். ஓடு உடையும் சத்தம் குசினி வரை கேட்டது.