மெட்டலோசிஸுக்குத் தமிழில் என்ன போடுவது?

குன்னூரிலிருந்து (கையேட்டுத் தொகுப்பு)

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கான கையேடு அச்சுக்குப் போகும் நிலையில் இருக்கிறது. 'மெட்டலோசிஸ்' (மாற்று மூட்டிலிருந்து உதிரும் உலோகத் துகள் சுற்றியுள்ள திசுவில் படிவது) என்ற சொல்லில்தான் நிற்கிறோம். வரைவில் 'உலோக நஞ்சு' என்று இருக்கிறது. படிப்பவருக்குச் சட்டென்று புரியும் என்பதற்காகப் போட்டது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். ஒரு சொல் போதுமா, இரண்டு தேவையா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து (எலும்பு மருத்துவர்)

'உலோக நஞ்சு' வேண்டவே வேண்டாம். மெட்டலோசிஸ் நஞ்சே அல்ல, அது மூட்டைச் சுற்றியுள்ள திசுவின் நிலை. கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த உலோகத்தில் செய்த, தொடை எலும்புத் தலைக்குப் பதிலாக வைக்கும் பந்தும் (குரோமியம் 27 முதல் 30 சதவீதம், மாலிப்டினம் 5 முதல் 7, மிச்சம் பெரும்பாலும் கோபால்ட்) அதே உலோகத்தில் செய்த, அந்தப் பந்து சுழலும் கிண்ணமும் ஒன்றோடொன்று உரசும்போது நானோமீட்டர் அளவில் துகள் உதிர்கிறது. ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூறில் சில பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும் அளவு. அதைத் திசுவில் உள்ள விழுங்கு செல்கள் விழுங்குகின்றன, செத்துப்போகின்றன, உள்ளே கரைந்த அயனிகளை வெளியே விடுகின்றன. மூட்டைத் திறந்தால் சவ்வு சாம்பல் கறுப்பாக இருக்கும். உள்ளே தேங்கிய நீர், வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயில் மாதிரி வரும். இவ்வளவுதான் மெட்டலோசிஸ்.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுபவை இரண்டு. ஒன்று, திசுவின் ஒவ்வாமை எதிர்வினை: நிணநீர் செல்கள் குவியும், போலிக்கட்டி வளரும், தசை அழுகும். கறுப்பே இல்லாமலும் இது வரும். மற்றது, ரத்தத்தில் ஏறிய கோபால்ட் உடம்பின் வேறு உறுப்புகளைத் தாக்குவது: இதயத் தசை பலவீனம், தைராய்டு மந்தம், காது மந்தம், பார்வைக் குறைவு, கால் மரத்தல். நஞ்சு என்று சொல்ல வேண்டியது இதைத்தான். 1960களில் கனடாவின் கியூபெக்கில் பீரின் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்பைக் கலந்தார்கள். அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு இதயத் தசை செயலிழந்தது. கோபால்ட் ஏறினால் இதயம் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், சவ்வு கறுத்திருப்பதாகச் சொல்லும் ஆபரேஷன் குறிப்பைப் படித்தவர் 'என் ரத்தத்தில் விஷம்' என்று நினைப்பார். ரத்த அளவு இயல்பாகவே இருக்கலாம்.

கூடலூரிலிருந்து (செவிலியர்)

டாக்டர் சொல்வது சரி. களத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட், ராடு, ஸ்குரூ எல்லாவற்றையும் ஜனங்கள் 'கம்பி' என்ற ஒரே வார்த்தையில்தான் சொல்வார்கள். 'உலோக நஞ்சு' என்று கையேட்டில் பார்த்தால், தொடையில் கம்பி இருக்கும் தோட்டத் தொழிலாளி எல்லாம் 'எடுத்துவிடுங்க சிஸ்டர்' என்று வந்து நிற்பார்கள். பிளேட் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம், அதில் அசைந்து உரசும் மூட்டு கிடையாது. கையேடு இதை ஒரு வரியாவது தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: பணியர், முள்ளுக் குறும்பர் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்குத் தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் போகாமல் சின்ன வயதிலேயே அது செத்துப்போகிறது. இளம் வயதுக்காரருக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று சொல்லித்தான் பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகமான 'உலோகத்தின் மேல் உலோகம்' வகை ஒரு காலத்தில் பரிந்துரைக்கப்பட்டது. சிக்கிள் செல்லில் சிறுநீரகமும் கெடும். கோபால்ட் வெளியேறுவதோ சிறுநீரில். இந்த நோயாளிகளுக்கு அளவு ஏறும் வாய்ப்பு அதிகம் என்று தனிப் பெட்டியாகப் போடலாமா?

கொடைக்கானலிலிருந்து (வேதியியல் ஆசிரியர்)

போடுங்கள், சிஸ்டர். அது வெறும் அடிக்குறிப்பாக இருக்கக் கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். 'உலோகப் படிவு' என்று எழுதினால் புவியியல் பாடத்தில் வரும் கனிமப் படிவு போலத் தெரியும், மின்முலாம் படிவும் நினைவுக்கு வரும். அதனால் 'உலோகத் தோய்வு' என்று யோசித்தேன். திசு துகளில் தோய்ந்து கிடக்கிறது என்பதால். 'தோய்ந்த திசு' என்று வினையாகவும் வரும்.

கோத்தகிரியிலிருந்து

அழகான சொல்தான், சார். ஆனால் ஒரு கொம்பு மாறினால் 'தொய்வு' ஆகிவிடும். இடுப்பு மூட்டில் தொய்வு என்றால் பொருத்திய பாகம் எலும்பில் பிடிப்பு விட்டுத் தளர்வது, அது வேறு நோய். தட்டச்சுப் பிழையால் நோயறிதல் மாறும் சொல் நமக்கு வேண்டாம்.

'உலோகக் கறை' என்று சிலர் எழுதுகிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல அது சரி, அறிக்கையில் 'கறை மிகுதி, குறைவு' என்று தரமும் போடலாம். ஆனால் நுண்ணோக்கியில் மட்டும் துகள் தெரியும் கட்டத்தில் கறையே இருக்காது.

என் வாக்கு 'உலோகத்துகள் படிவு'க்கு. துகள் சேர்ந்ததும் கனிமக் குழப்பம் போய்விடுகிறது. 'மூட்டு', 'இடுப்பு' என்று முன்னால் ஒட்ட வேண்டாம், முழங்கால் மூட்டிலும் முதுகெலும்புக் கம்பியைச் சுற்றியும் இதே நிலை வரும். வெறும் 'துகள்படிவு' என்றும் சுருக்க முடியாது. பிளாஸ்டிக் கிண்ணத்திலிருந்து உதிரும் துகள் வேறு, அது எலும்பை அரிக்கும். ஒவ்வாமைக்கு 'உலோகத்துகள் எதிர்வினை', ரத்தத்தில் ஏறுவதற்கு 'கோபால்ட் நஞ்சேற்றம்'.

குன்னூரிலிருந்து

ஏற்றுக்கொண்டேன். மூன்று சொல், மூன்று பத்தி. சிக்கிள் செல் பெட்டியும் உண்டு. ஆனால் படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

கோத்தகிரியிலிருந்து

முதலில் ஸ்டிக்கர். ஆபரேஷன் குறிப்பிலோ டிஸ்சார்ஜ் சம்மரியிலோ பந்து, கிண்ணம், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு ஒவ்வொன்றுக்கும் நிறுவனம், வகை எண், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிபியூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற உலோகத்தின் மேல் உலோக வகை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. 2018-இல் மத்திய அரசு இழப்பீட்டுக்குச் சூத்திரம் வகுத்தது. ஸ்டிக்கர் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது.

இன்று பொருத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை உலோகம் அல்லது பீங்கான் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும்தான். அவர்கள் பயப்படத் தேவையில்லை என்று எழுதலாம், 'ஒருபோதும் வராது' என்று எழுதாதீர்கள். டைட்டானியம் தண்டின் கழுத்தில் கோபால்ட் குரோமியப் பந்தைச் செருகும் கூம்பில் நுண்ணிய அசைவும் அரிமானமும் (உலோகம் அரிபடுவதும்) சேர்ந்தால் அங்கிருந்தும் துகள் வரும். அப்போது ரத்தத்தில் குரோமியத்தைவிடக் கோபால்ட் ஓங்கி நிற்கும்.

கிண்ணம் பொருத்திய கோணமும் கணக்கில் வரும். சுமார் 40 டிகிரி சாய்வில் இருக்க வேண்டியது 55-ஐத் தாண்டிச் செங்குத்தானால், பந்து கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் ஏறி அழுத்தும், வழுவழுப்பு நீர்ப் படலம் அறுந்து தேய்மானம் பல மடங்காகும். இன்னொரு கண்ணியும் உண்டு: பீங்கான் பந்து உடைந்து மறு ஆபரேஷன் செய்யும்போது உலோகப் பந்தைப் போடவே கூடாது. தங்கிப்போன பீங்கான் சில்லு அந்த உலோகத்தை அரைத்துத் தள்ளும், மிகக் கடுமையான கோபால்ட் நஞ்சேற்றங்கள் சில இப்படித்தான் வந்தன.

கொடைக்கானலிலிருந்து

ரத்தம் எடுக்கும் பகுதியை நான் எழுதித் தருகிறேன். நடைமுறையில் அதிகம் கெடுவது இங்கேதான். எஃகு ஊசியிலேயே குரோமியம் இருக்கிறது. பிளாஸ்டிக் கேனுலா (நரம்பில் செருகும் மெல்லிய குழல்) போட்டு, முதல் 5 மி.லி. ரத்தத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்ததை நுண்தனிமச் சோதனைக்கான கருநீல மூடி ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுக்க வேண்டும். வழக்கமான ஊதா மூடிக் குழாய் உதவாது. சோதனை ஐசிபி-எம்எஸ் என்ற, மிகச் சிறு அளவு உலோகத்தையும் அளக்கும் முறையில். மலையில் அந்த வசதி இல்லாத ஆய்வகம் மாதிரியைக் கீழே அனுப்பும்போது குளிர்பெட்டியில் வைத்து அனுப்பட்டும்.

அலகையும் கவனியுங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்பதும் 7 பிபிபி (நூறு கோடியில் 7 பங்கு) என்பதும் ஒன்றே. அதையே நானோமோலில் (அணு எடையை வைத்துக் கணக்கிடும் அலகு) எழுதினால் கோபால்ட்டுக்கு 119, குரோமியத்துக்கு 134.5 என்று வரும். 119-ஐப் பார்த்து மைக்ரோகிராம் என்று நினைத்து நோயாளி அலறக் கூடாது.

கோத்தகிரியிலிருந்து

அந்த 7 என்பது உலோகத்தின் மேல் உலோக மூட்டுக்குப் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வைத்த எல்லை. தாண்டினால் உடனே கழற்று என்று அர்த்தமில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்கணும், கூடவே உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட். அளவு 7-க்குக் கீழே இருந்தாலும் தொடையிடுக்கில் வலி, வீக்கம், படியேறும்போது பலவீனம் இருந்தால் ஸ்கேன் தேவை. மாற்றிப் பொருத்தினால் கோபால்ட் வேகமாக இறங்கும், குரோமியம் மெதுவாகத்தான் இறங்கும்.

கூடலூரிலிருந்து

கூம்பு அரிமானத்துக்குக் கையேட்டில் என்ன போடுகிறோம்? 'கழுத்துக்கூம்பு அரிமானம்' என்றால் ஜனங்கள் தொண்டைப் பக்கம் கையை வைப்பார்கள்.

கொடைக்கானலிலிருந்து

'பந்துக்கூம்பு அரிமானம்'?

கூடலூரிலிருந்து

இது சரி. படத்தில் பந்துக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.